இரண்டு புரோட்டானுக்கு நடுவே ஓர் எலக்ட்ரான்

முதுகலை வேதியியல் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் கணக்கு ஹைட்ரஜன் மூலக்கூறு அயனி. இரண்டு புரோட்டான், ஓர் எலக்ட்ரான். அதைவிட எளிய மூலக்கூறு கிடையாது. மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். இப்போது சம்பா அறுவடை நேரம். நீடாமங்கலம் பக்கத்து மாணவி ஒருத்தி, கொள்முதல் நிலையத்தில் அப்பாவின் நெல் மூட்டைகளுக்குக் காவல் இருந்துவிட்டு, துப்பட்டாவில் பதர் ஒட்டியபடியே வந்தாள். "மேடம், மென்பொருளில் போட்டால் நொடியில் விடை வந்துவிடுமே?" என்று கேட்டாள். வந்துவிடும். விடை மட்டும்தான் வரும். அதனால்தான் கால்குலேட்டரை எடுக்கச் சொல்கிறேன்.

புரோட்டான்களை ஒரு தூரத்தில் அசையாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். தனி ஹைட்ரஜன் அணுவின் அலைச்சார்பை, அதாவது எலக்ட்ரான் எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் கணிதச் சார்பை, இரண்டின் மீதும் எழுதிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலுக்கு ஆற்றல் எவ்வளவு என்று பார்த்து, தூரத்தை மாற்றி மறுபடி பார்க்க வேண்டும். தூரத்துக்கு அலகு போர் ஆரம், 0.529 ஆங்ஸ்ட்ராம். ஆற்றலுக்கு ஹார்ட்ரீ, 27.21 எலக்ட்ரான் வோல்ட். அணுவும் புரோட்டானும் வெகு தூரம் விலகி நின்றால் மொத்த ஆற்றல் −0.5. அதற்குக் கீழே இறங்கினால்தான் பிணைப்பு.

தூரம் 1.5 என்று வைத்தால் −0.495, பிணைப்பே இல்லை. 2 என்றால் −0.5538. 2.5 என்றால் −0.5648. 3க்குப் போனால் மறுபடி −0.5591க்கு ஏறிவிடுகிறது. வரைபடத்தாளில் புள்ளி வைத்து வளைகோடு வரைந்ததும், பள்ளத்தின் அடி 2.49இல் விழுவது தெரிகிறது. மூலக்கூறின் அமைப்பு என்பது இந்தப் பள்ளம்தான். பிணைப்பு நீளம் என்று தனியாக யாரும் சமன்பாட்டுக்குள் வைக்கவில்லை. அந்தப் பெண் பென்சிலால் அந்த இடத்தை வட்டமிட்டுவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த நேரம் அதுதான்.

ஆனால் விடை சரியில்லை. உண்மையான நீளம் 2.00 போர், அதாவது 1.06 ஆங்ஸ்ட்ராம். −0.5இலிருந்து அளந்தால் பள்ளத்தின் ஆழம் 2.79 எலக்ட்ரான் வோல்ட். நமக்குக் கிடைத்தது 1.76. அலைச்சார்பையும் ஆற்றலையும் தரும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்த அடுத்த ஆண்டே, 1927இல், டென்மார்க்கைச் சேர்ந்த பர்ராவ் இதை நீள்வட்ட ஆயங்களில் பிரித்துத் தீர்த்துவிட்டார். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான விடை இருக்கிறது.

எங்கே இடறுகிறது? மொத்த ஆற்றலை இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பாடநூல்கள் பலவற்றில், எலக்ட்ரான் நடுவில் வந்து இரண்டு புரோட்டான்களையும் ஈர்ப்பதால் நிலை ஆற்றல் குறைகிறது, அதுவே பிணைப்பு என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். நம் அட்டவணை வேறு கதை சொல்கிறது. தூரம் 2.5இல் இயக்க ஆற்றல் 0.5இலிருந்து 0.383க்கு இறங்குகிறது, நிலை ஆற்றலோ −1இலிருந்து −0.948க்கு ஏறுகிறது! எலக்ட்ரானுக்கு உலவ இடம் பெருகியதால் கிடைத்த லாபத்தில்தான் இந்தப் பிணைப்பு நிற்கிறது.

விரியல் தேற்றம் இதை ஏற்காது. சமநிலைத் தூரத்தில் நிலை ஆற்றல், இயக்க ஆற்றலைப் போல இரு மடங்காகவும் எதிர்க்குறியோடும் இருந்தாக வேண்டும். தனி அணுவின் அலைச்சார்பை அப்படியே தூக்கி வைத்ததுதான் குறை. அது சுருங்க இடம் கொடுத்து, அதன் அடுக்குக்குறியில் ஓர் எண்ணைப் பெருக்கி, ஆற்றல் மிகவும் தாழும் எண்ணைத் தேடினால் 1.238 வருகிறது. உடனே நீளம் 2.00, ஆழம் 2.35 எலக்ட்ரான் வோல்ட். இப்போது இயக்க ஆற்றல் 0.5865, நிலை ஆற்றல் −1.173. தேற்றம் பொருந்திவிட்டது. எலக்ட்ரான் பரவியதால் இயக்க ஆற்றல் குறைந்தது. அப்படிக் கிடைத்த மிச்சத்தைச் செலவிட்டு அது கருக்களை நெருங்கிச் சுருங்கியது. அதன் பிறகே நிலை ஆற்றல் தாழ்ந்தது. கோட்பாட்டு வேதியியலர் ரூடன்பெர்க் 1962இல் விரிவாக எழுதிய வாதம் இது. ஒரே வரி விளக்கத்தைப் பாடநூல்கள் இன்னும் விடாமல் பிடித்திருப்பது எனக்கு வருத்தம்தான்.

மிச்சமிருக்கும் 0.44 எலக்ட்ரான் வோல்ட்டில் பெரும்பகுதி, எலக்ட்ரான் முகில் எதிர்ப்பக்கப் புரோட்டானை நோக்கிச் சாய இடம் கொடுத்தால் வந்துவிடும். அதை வீட்டில் செய்துவரச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து மூன்று புரோட்டான், இரண்டு எலக்ட்ரான். 1911இல் ஜே.ஜே. தாம்சன் கண்ட அயனி; சமபக்க முக்கோணம், பக்கம் 0.87 ஆங்ஸ்ட்ராம். 1989இல் வியாழன் கோளின் துருவ ஒளியில் இதன் அகச்சிவப்புக் கோடுகளைப் பிடித்தார்கள். மூன்று புரோட்டான்களையும் ஒருசேரக் கணக்கில் எடுக்கும் மூன்று மையத் தொகையீடுகளைக் கையால் போட முடியாது. அங்கே மென்பொருளைத் திறக்கலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.