சக்கரமாக உருளும் புழு

புலி வண்டு இரையைத் துரத்துற வேகத்துல அதுக்கே கண்ணு தெரியாமப் போயிடுமாம். நடுவுல சட்டுனு நின்னு, பார்த்துட்டு, மறுபடி ஓடும். அமெரிக்காவுல இதுல ரெண்டு இனத்தைப் பத்திப் படிச்சேன். சிசிண்டெலா டார்சாலிஸ் கிழக்குக் கடற்கரை மணல்ல இருக்கு. சிசிண்டெலா அல்பிஸ்ஸிமா யூட்டா மாநிலத்துல கோரல் பிங்க் மணற்குன்றுகள்ல மட்டும்தான், உலகத்துல வேற எங்கயும் கிடையாது.

ரெண்டுமே வெளிறின வண்டுங்க. ரெண்டோட புழுவும் மணல்ல செங்குத்தா குழி தோண்டி, தலையாலயே வாசலை அடைச்சுட்டுக் காத்திருக்கும். முதுகுத் திமில்ல இருக்கிற கொக்கிய குழிச் சுவர்ல மாட்டிக்கும், பிடிச்ச இரை வெளியே இழுத்துப் போட்டுடக் கூடாதே!

கடற்கரைப் புழுவுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. ஜார்ஜியாவின் கம்பர்லேண்ட் தீவுல பார்த்து 2011-ல எழுதியிருக்காங்க. குழிய விட்டு வெளியே மாட்டிக்கிட்டா, எகிறிக் குதிச்சு உடம்பை வளையமாச் சுருட்டிக்கும். மிச்சத்தைக் காத்து பார்த்துக்கும், சக்கரம் மாதிரி உருண்டு போயிடும். கால் இருந்தும் சக்கரம் கேக்குது பாருங்க.

குன்றுப் புழுவுக்கு அலைத் தொல்லை இல்லை, ஈரம் கிடைக்கிறதுதான் பிரச்சினை. குன்றுகளுக்கு நடுவுல ஈரம் தங்குற பள்ளத்தை நம்பித்தான் பொழைப்பு.

ரெண்டுக்கும் பொது எதிரி வண்டிச் சக்கரம். கடற்கரை இனத்தோட வடகிழக்குப் பிரிவை 1990-லயே பாதுகாப்புப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. யூட்டா வண்டைச் சேர்க்கிற திட்டத்தை 2013-ல கைவிட்டுட்டாங்க, வண்டி ஓட்டத் தடை போட்ட பகுதிகள் போதும்னு. ஒரே ஒரு இடத்துல வாழுற உயிருக்கு இது போதாதுன்னுதான் எனக்குத் தோணுது.