வாசலில் நின்ற பேய்

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை என்று எது வந்தாலும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். கதை எப்படி என்று வாய் திறக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. எழுதியவர் மனம் கோணினால் பாக்கி வராது.

அந்தக் கட்டளையை ஒரே ஒருமுறை மீறினேன். மாயவரத்துப் பக்கத்து இளைஞர் ஒருவர் சொந்தச் செலவில் அச்சிட வந்த அமானுஷ்ய நாவல் அது. கொள்ளிடக் கரையில் ஒரு பாழடைந்த சத்திரம், அதில் முந்நூறு ஆண்டுகளாக அடைபட்டுக் கிடக்கும் ராட்சசன். சுவரை ஊடுருவுவான், கனவில் புகுவான், பார்வையாலேயே எரிப்பான். ஐந்தாம் அத்தியாயத்துக்குள் ஒன்பது பேரைக் கொன்றுவிடுகிறான். ஆனால் கதாநாயகன் சத்திரத்துத் திண்ணையில் தனியாகத் தூங்கும்போது வந்து நிற்கிறான், சிரிக்கிறான், போய்விடுகிறான். ஒன்பதாம் அத்தியாயத்திலும் அதே கதை, பதினான்கிலும் அதே கதை. கடைசியில் நான்கு பக்கத்துக்கு வசனம்: உலகை ஆளப் போகிறானாம். முந்நூறு ஆண்டுகளில் ஆற்றைத் தாண்டிச் சீர்காழிக்குக்கூடப் போகாதவனுக்கு உலகம் எதற்கு? ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

மெய்ப்பை வாங்க வந்தவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். “பேய்க்கு என்ன சார் காரணம் வேண்டியிருக்கிறது? அது கெட்டது. அவ்வளவுதான்.”

“திருவிடைமருதூர் போயிருக்கிறீர்களா, தம்பி?” என்று கேட்டேன்.

போயிருந்தார். கதையும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. வரகுண பாண்டியனின் குதிரை இருட்டில் ஓர் அந்தணரை மிதித்துக் கொன்றுவிடுகிறது. அந்தணரைக் கொன்ற பாவமான பிரம்மஹத்தி பேயாக வந்து அரசனைப் பற்றிக்கொள்கிறது. மதுரையில் சொக்கநாதர் சொன்னபடி திருவிடைமருதூர் வந்து கிழக்கு வாசலால் கோயிலுக்குள் நுழைகிறான். பிரம்மஹத்தியால் உள்ளே போக முடியவில்லை. வெளியே வருவான் என்று வாசலிலேயே காத்திருக்கிறது. அவன் வேறு வாசலால் போய்விட்டான். இன்றும் கிழக்கு வாசலில் அதன் உருவம் இருக்கிறது. வந்த வழியே திரும்பக் கூடாது என்பது அங்கே வழக்கம். சிறுவயதில் செருப்பைக் கிழக்கு வாசலில் விட்டுவிட்டு அந்தப் பக்கமாகவே ஓடப் பார்த்தேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். சித்திரை வெயிலில், வெறுங்காலோடு, மதில் சுவர் நிழலைத் தேடித் தேடி வீதி சுற்றி வந்துதான் செருப்பை எடுத்தோம். பேயின் நியாயத்தை முதன்முதலில் உள்ளங்காலால்தான் படித்தேன்.

அந்தப் பிரம்மஹத்திக்கு அரசன் மேல் தனிப் பகை கிடையாது. அவன் வேண்டுமென்று செய்த கொலையும் இல்லை. ஆனால் யாரைப் பிடிக்க வேண்டும், ஏன், எந்தப் படியைத் தாண்ட முடியாது என்ற மூன்றும் அதற்குத் தெரியும், நமக்கும் தெரியும். அதனால்தான் அது சும்மா நிற்பதே பயமாக இருக்கிறது. தம்பியின் ராட்சசனும் நிற்கத்தான் செய்கிறான். ஆனால் அவனை நிறுத்தியிருப்பது எழுத்தாளருக்கு இன்னும் பத்து அத்தியாயம் பாக்கி இருப்பது.

“அது புராணம் சார். த்ரில்லருக்கு வேகம் வேண்டும்” என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. காரணமே தெரியாத தீமைதான் அதிகம் நடுங்க வைக்கும் என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் அப்படியானால் அவன் வாயையே திறக்கக் கூடாது. நான்கு பக்கம் பேசினால் அந்தப் பேச்சில் சத்து இருக்க வேண்டாமா?

மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்தைச் சொன்னேன். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வேங்கடராம சாஸ்திரியின் ‘பிரகலாத சரித்திரம்’ அங்கே விடிய விடிய நடக்கும். பாட்டெல்லாம் தெலுங்கு, எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் இரணியன் கோபம் புரியும். தன் தம்பி இரணியாட்சனை வராகமாக வந்து கொன்றவன் பெயரைப் பெற்ற பிள்ளையே வீட்டுக்குள் ஜபிக்கிறான். எந்த அப்பனுக்கும் வயிறு எரியும். அதற்கும் முன்கதை ஒன்று உண்டு. சாபம் பெற்ற வைகுண்டத்துக் காவலர்கள் ஜயனும் விஜயனும், பக்தர்களாக ஏழு பிறவியா, பகைவர்களாக மூன்று பிறவியா என்று கேட்டபோது மூன்றைத்தான் கேட்டார்களாம். சீக்கிரம் வீடு திரும்பலாம் அல்லவா? கொல்லப்படுவதற்காகவே பகைக்கும் ஓர் அசுரன்! இதைவிட நல்ல வில்லனை நான் எந்தக் கைப்பிரதியிலும் பார்த்ததில்லை.

தம்பி ஒன்றும் சொல்லாமல் போனார். ஒரு வாரம் கழித்து அந்த நான்கு பக்க வசனத்தை அடியோடு வெட்டிக்கொண்டு வந்தார். வேறு எதையும் தொடவில்லை. பதினாறு பக்க ஃபாரமாகக் கச்சிதமாக முடிந்திருந்த புத்தகத்தில் இப்போது நான்கு பக்கம் வெள்ளையாக நின்றது. “பேய்க்கு நியாயம் கேட்கப் போய் எனக்கு வேலையை இழுத்துவிட்டீர்” என்றார் முதலாளி. நன்றியுரையும், தம்பியின் மாமா வைத்திருக்கும் உரக்கடை விளம்பரமும் அந்த இடத்தை நிரப்பின.

புத்தகம் கட்டுப் பிரித்த அன்றுதான் என் தவறைக் கண்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தின் ஓரத்தில், “இவன் ஏன் உள்ளே வரவில்லை?” என்று பென்சிலால் எழுதியிருந்தேன். கணினியில் அச்சுக்கோக்கும் பெண் அதை விடுபட்ட வரி என்று எண்ணிக் கதைக்குள் சேர்த்துவிட்டிருக்கிறாள். இரண்டாம் மெய்ப்பில் என் கண்ணிலும் படவில்லை. சொந்த வாக்கியம் அல்லவா, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. திண்ணையில் விழித்துக்கொண்ட கதாநாயகன் இருட்டைப் பார்த்து அதைக் கேட்பதாக அச்சாகியிருந்தது.

பிரதிகளை எடுக்க வந்த தம்பி நின்றபடியே புரட்டினார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது. நான் மேசை இழுப்பறையில் எதையோ தேடினேன்.

“இந்த இடம் நன்றாக வந்திருக்கிறது, இல்லையா சார்?” என்றார். “எப்போது எழுதினேன் என்றுதான் நினைவில்லை.”