அந்தப் படங்களை வரைந்தது நான்தான்

பிரான்சில் தஞ்சம் கேட்கப்போகும் பத்திரிகைக்காரர்களே, ஓவியர்களே, உங்கள் கதையைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுப்பவர் அதை வரிக்கு வரி தமிழில் திருப்பிச் சொல்லும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். அவசரத்தில் நான் வைத்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

2010 ஜனவரி 24இல், இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கையில், கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னலிகொட காணாமல் போனார். அதன் பிறகு பத்திரிகைக்கு நான் கொடுத்த கேலிச்சித்திரங்களும் ஆசிரியரின் மேசை லாச்சியிலேயே கிடந்தன. அவரைக் குறைசொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். இலக்கத்தகடு இல்லாத வாகனம் இரண்டாம் முறை வீட்டு வாசலில் நின்ற வாரமே புறப்பட்டேன்.

பிரான்சில் தஞ்சக் கோரிக்கைப் படிவம் கிடைத்து 21 நாளுக்குள் முழுக் கதையும் பிரெஞ்சில் போய்ச்சேர வேண்டியிருந்தது. பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் காசு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்தவர் என் தொழிலை ‘தெசினாத்தர்’ என்று மட்டும் எழுதினார். கட்டட வரைபடம் கீறுபவருக்கும் அதே சொல்தான். ‘தெசினாத்தர் த பிரெஸ்’ என்றால்தான் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். நேர்காணலில், எந்தெந்தக் கட்டடங்களுக்கு வரைந்தீர்கள் என்று கேட்டார்கள். திகைத்துப்போனேன்.

பத்திரிகை நறுக்குகளை எடுத்து வைத்தேன். எல்லாவற்றிலும் புனைபெயர், கடவுச்சீட்டில் வேறு பெயர். வெள்ளை வேன் ஒன்றை வரைந்திருந்தேன். அது ஆட்களைக் கடத்திப்போகும் வண்டி என்று எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். மொழிபெயர்ப்பாளரோ “வெள்ளை நிற வாகனம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். முடிவு நிராகரிப்பு.

மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம். அந்தப் புனைபெயர் என்னுடையதுதான் என்று காட்டும் தாள் ஏதாவது வேண்டும் என்றார் சட்டத்தரணி. அங்கேதான் இடித்தது. என் உயிரைக் காப்பதற்காகவே பத்திரிகை அலுவலகம் அப்படி ஒரு தாளும் வைத்திருக்கவில்லை. கடிதம் தர ஆசிரியர் அஞ்சினார். அம்மாதான் தகரப் பெட்டியைக் கொட்டித் தேடினார். மின்சாரப் பட்டியல்களுக்கு நடுவே சன்மானப் பற்றுச்சீட்டுகள் மூன்று இருந்தன. மேலே புனைபெயர், கீழே என் சொந்தக் கையெழுத்து! தொலைபேசியில் அம்மா அதை வாசித்தபோது நான் அழுதேன்.

பதிவுத் தபால் வந்ததும் உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். “உறை எங்கே?” என்றுதான் சட்டத்தரணி முதலில் கேட்டார். முத்திரையும் திகதியும் உள்ள அந்த உறைதான் தாள் இலங்கையிலிருந்து வந்ததற்குச் சாட்சி. ஓடிப்போய்க் குப்பைத்தொட்டியைக் கிளறி எடுத்து ஒட்டினேன். உறையை ஒருபோதும் எறியாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனித் தாளில் விளக்கமும் எழுதுங்கள். யாரைக் காட்டுகிறது, அந்த வாரம் என்ன நடந்தது, அதனால் யாருக்குக் கோபம் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

மொந்த்ரேயில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மூவர் இருந்தார்கள். ஒருவர் வெள்ளை வேன் படத்தை உயர்த்திப் பிடித்து, “இதில் ஏன் சாரதியின் முகம் இல்லை?” என்று கேட்டார். இத்தனை மாதத்தில் ஒருவர் என் படத்தைப் படமாகப் பார்த்தது அன்றுதான். முகத்தைக் கண்டவர் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை என்றேன்.

சில வாரங்களுக்குப் பின் தீர்ப்புப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். கிடைத்துவிட்டது. இப்போதும் வரைகிறேன், அதே புனைபெயரில்தான். ஆனால் ஒவ்வொரு படத்தின் பின்புறமும் திகதியையும் என் முழுப்பெயரையும் எழுதி வைக்கிறேன்.