மூடிச் சோதனை லைன்: நாட்குறிப்பு

டிசம்பர் 8, திங்கள்

கன்வேயரில் ஓடும் கேன்களின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கேமரா பொருத்தியாயிற்று. இனி எல்லாம் அதன் அமைப்பு எண்கள் இருக்கும் கான்ஃபிக் கோப்பின் கையில்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஒரு படத்துக்காகக் கேமரா ஒளியை வாங்கும் எக்ஸ்போஷர் நேரம்தான் இன்று முழுவதும் மனத்தை அரித்தது. கன்வேயர் நொடிக்கு 500 மில்லிமீட்டர் ஓடுகிறது. கோப்பிலோ 200 மைக்ரோநொடி என்று இருந்தது. அதற்குள் மூடி 0.1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 120 மில்லிமீட்டர் அகலத்தை 2,448 பிக்சல்களில் பார்க்கும் இந்தக் கேமராவில் அது இரண்டு பிக்சல் மங்கல்; மூடியின் அடியில் உள்ள பூட்டு வளையத்தின் மெல்லிய விரிசல் அந்த மங்கலிலேயே மறைந்துவிடும். 80 என்று மாற்றியதும் படம் கூர்மையானது, ஆனால் இருண்டது. படத்தின் சிக்னலைப் பெருக்கும் கெயினை ஏற்றினால் படமெங்கும் புள்ளிகள் தெறிக்கின்றன, அவற்றையும் விரிசல் என்றே மென்பொருள் கணக்கிடுகிறது. படம் எடுக்கும் கணத்தில் மட்டும் பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்கு கேட்டிருக்கிறேன். 22ஆம் தேதிக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

டிசம்பர் 10, புதன்

மழை. மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகரவில்லை. ஸ்ட்ரோப் வந்து சேரவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

ஸ்ட்ரோப் வந்தது, 80 மைக்ரோநொடியிலும் படம் வெளிச்சமாக இருக்கிறது.

மாலையில் ரிஜெக்ட் தாமதத்தைப் பார்த்தேன்: கேமரா கெட்ட கேனைக் கண்டதிலிருந்து தள்ளுவான் அதை லைனிலிருந்து வெளியே தள்ளும் வரையான இடைவெளி. கேமராவிலிருந்து தள்ளுவான் 500 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவு கோப்பில் 1,000 மில்லிநொடி என நேரமாக எழுதப்பட்டிருந்தது. கன்வேயர் வேகம் குறையும்போது இந்தக் கணக்கு உதவாது: கெட்ட கேன் வந்து சேருமுன் தள்ளுவான் நீண்டு, அதற்கு முன்னே போகும் நல்ல கேனைத் தள்ளிவிடும். பெல்ட்டின் நகர்வைத் துடிப்புகளாக அளக்கும் என்கோடரின் ஒரு துடிப்புக்கு பெல்ட் 0.5 மில்லிமீட்டர் நகர்வதால், 1,000 துடிப்புகள் என்று மாற்றினேன். இரண்டு இடத்திலும் எண் ஒன்றே. அலகு வேறு என்பதால், ஏன் மாற்றினேன் என்பதைப் பக்கத்திலேயே குறிப்பாக எழுதி வைத்தேன். காரணம் எழுதாத எண்ணை இந்தக் கோப்பில் இனி விட்டுவைக்கப் போவதில்லை.

டிசம்பர் 15, திங்கள்

காலை ஏழரை மணிக்கு நல்ல மூடிகள் வரிசையாக ரிஜெக்ட் ஆயின. எட்டரைக்கு மேல் ஒன்றும் இல்லை. கடல் பக்கத்து வென்டிலேட்டர் வழியாக வெயில் நேராக மூடிமேல் விழுகிறது. மேலே தகரத் தடுப்பு போடச் சொன்னேன். மீண்டும் எக்ஸ்போஷருக்கே வந்து நிற்கிறேன்: ஸ்ட்ரோப்பின் பளிச்சொளியைக் கூட்டி நேரத்தை 50 ஆக்கினால், படத்தில் வெயிலின் பங்கு தானாகவே குறையும்.

டிசம்பர் 16, செவ்வாய்

50 போதும். வெயில் தோற்றது!

டிசம்பர் 17, புதன்

மூடி எவ்வளவு சாய்ந்திருந்தால் ரிஜெக்ட் செய்வது என்ற எல்லை மதிப்பை உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்மானிக்க முடியாது. இத்தனை ஆண்டுகளாக மூடிகளைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்து வரும் அக்காவிடம் மூன்று தட்டுகளைக் கொடுத்தேன்: நல்லது, கெட்டது, சந்தேகம். பார்வைக்குச் சரியாகவே தெரிந்த ஒரு கேனின் மூடியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, "இது நாளைக்கு ஒழுகும், தம்பி" என்று சந்தேகத் தட்டில் வைத்தார். கேமரா அதன் சாய்வை 0.55 மில்லிமீட்டர் என்று காட்டியது. கோப்பிலிருந்த எல்லையோ 0.8. சந்தேகத் தட்டின் கேன்களை எல்லாம் இரவு முழுக்கப் படுக்க வைத்திருக்கிறோம்.

டிசம்பர் 18, வியாழன்

ஒழுகியிருக்கிறது. அக்கா சொன்ன கேனும், அதைவிடச் சாய்ந்தவையும் ஒழுகின, 0.5-க்குக் கீழே இருந்தவற்றில் ஒரு சொட்டும் இல்லை. எல்லையை 0.5 என்று எழுதி, காரணத்தையும் சேர்த்தேன். இந்த எண் அக்காவின் கண்ணிலிருந்தும் கையிலிருந்தும் வந்தது என்பது 22ஆம் தேதி வருபவர்களுக்கும் தெரிய வேண்டும்.

நாளை நீல மூடி ஓடும். நம் விளக்கு சிவப்பு. அதன் ஒளியில் சிவப்பு மூடி பளிச்சென்றும் நீல மூடி கருப்பாகவும் தெரியும். ஆகவே நீலத்துக்குத் தனிக் கோப்பு வேண்டும், அதை லைனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியே தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸ்போஷரை மட்டும் தொடமாட்டேன்.