முதல்முறை நாய் தத்தெடுக்கிறீர்களா? படிவத்தை இப்படி நிரப்புங்கள்

சென்னையில் காப்பகத்திலோ தன்னார்வலர்களிடமோ நாய் கேட்டுப் போகிறவர்களுக்கு முதல் எரிச்சல் அந்தப் படிவம்தான். தெருவில் கிடந்த குட்டிக்கு ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், வீட்டு வீடியோ எல்லாம் எதற்கு என்று தோன்றும். பெண் கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு விசாரிப்பதில்லையே என்று முணுமுணுப்பார்கள். ஆனால் அந்தக் கேள்விகளை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. கொடுத்த நாய் மூன்றாம் வாரமே திரும்பி வந்ததற்கு என்னென்ன காரணம் சொன்னார்களோ, அவைதான் ஒவ்வொன்றாகக் கேள்வியாகிப் படிவத்தில் ஏறியிருக்கின்றன. இது தெரிந்தால் என்ன எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வாடகை வீடு என்றால் முதலில் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 'போன்ல கேட்டேன், சரின்னுட்டார்' என்பது செல்லாது. நாய் குரைத்து, கீழ்வீட்டுக்காரர் புகார் சொன்ன அன்றைக்கு அந்தச் 'சரி' காணாமல் போய்விடும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கினாலும் போதும். அடுக்குமாடி நலச்சங்கம் வேறு விஷயம். குடியிருப்போர் பெரும்பான்மையாக வாக்களித்தாலும் செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சங்கத்தோடு வாதாட அது உதவும். உங்கள் ஒப்பந்தத்திலேயே 'நாய் கூடாது' என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் உதவாது.

அடுத்தது, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்ற கேள்வி. இதற்கு 'ஆம்' என்று எழுதினால் விடமாட்டார்கள்; பெரும்பாலும் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வார்கள். ஆசைப்பட்டது கல்லூரிப் பிள்ளையாக இருக்கும், தினமும் சோறு பிசைந்து வைப்பதும் மூத்திரம் துடைப்பதும் அம்மாவாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அம்மா தயங்கினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். நிற்பதும் சரிதான்.

'நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்?' என்ற கேள்விக்குத்தான் பொய் அதிகம் வரும். 'எப்பவும் யாராவது இருப்போம்' என்று எழுதாதீர்கள். உண்மையான நேரத்தை எழுதுங்கள்: காலை 6 முதல் 6.45 வரை நடை, 9.30க்கு எல்லோரும் கிளம்பிவிடுவோம், 1 மணிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து அக்கா வந்து வெளியே கூட்டிப்போவார், 5.30க்கு நான் வந்துவிடுவேன். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் தனிமை என்று நேர்மையாக எழுதியவரை ஒதுக்க மாட்டார்கள், அதற்கு ஏற்ற நாயைக் காட்டுவார்கள். ஆனால் எட்டு மணி நேரம் பூட்டிய வீடு என்றால் இரண்டு மாதக் குட்டி வேண்டவே வேண்டாம். அந்த வயதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க அதனால் முடியாது. சோறும் நாளைக்கு நாலு வேளை வைக்க வேண்டும்.

'எங்கே தூங்கும்?' என்பதற்கு மொட்டை மாடி, கார் ஷெட், வாசல் கம்பத்தில் சங்கிலி என்று எழுதினால் அத்தோடு முடிந்தது. 'காவலுக்கு' என்ற சொல்லும் அப்படியே. பால்கனி இருந்தால் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். வலை கட்டிவிட்டு வீடியோ எடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்த மாதிரி. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு 'பார்த்துக்கொள்வோம்' என்று எழுதாமல் ஓர் ஆளின் பெயரை எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டும் விடுங்கள்.

கடைசியில் கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் பெரும்பாலும் இரண்டு நிபந்தனை இருக்கும். குட்டியாக இருந்தால் ஆறு மாதத்தை ஒட்டிக் கருத்தடை செய்ய வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் அவர்களிடமே திருப்பித் தர வேண்டும். இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இனி எந்த நாய் என்பது. முதல்முறை வளர்ப்பவர் இரண்டு வயதைத் தாண்டிய நாட்டு நாயைக் கேட்பதுதான் எங்கள் கட்சி. குட்டியின் படத்தைப் பார்த்து மயங்குவது எளிது. ஆனால் அது எவ்வளவு வளரும், எப்படிப்பட்ட குணம் வரும் என்று கொடுப்பவருக்கே தெரியாது. 'லேப்ரடார் கலப்பு' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் காதின் தொங்கலைப் பார்த்துச் சொன்ன ஊகம். வளர்ந்த நாய் என்றால் தன்னார்வலரிடம் குறிப்பாகக் கேட்கலாம்: பூனையைப் பார்த்தால் என்ன செய்யும், லிஃப்டில் ஏறுமா, தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுமா, சோற்றுத் தட்டருகே கை வைத்தால் உறுமுமா? நேரில் இரண்டு முறை பாருங்கள், ஒரு முறையாவது நீங்களே நடத்திக் கூட்டிப்போங்கள். இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிற ஏற்பாடு இருந்தால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்கள் தெரு நாயையே எடுக்க நினைத்தாலும் வழி உண்டு. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில், விரும்புகிறவர்கள் தெருநாயைத் தத்தெடுக்க உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அது மறுபடியும் தெருவுக்குப் போகாமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு. காதில் வி வடிவத்தில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். வெறிநோய்த் தடுப்பூசியும் அப்போதே போட்டிருப்பார்கள், ஆனால் அது எப்போது என்று தெரியாததால் மறுபடியும் போட்டுவிடுவதே நல்லது.

நாயைக் கையில் வாங்கும்போது தடுப்பூசி அட்டையைப் பிரித்துப் பாருங்கள். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து மூன்றும் வேண்டும். பேனாவால் 'போட்டாச்சு' என்று மட்டும் இருந்தால் போடாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டுக்குமான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாத வயதில், பிறகு ஆண்டுதோறும். ஒரே ஓர் ஊசி போட்ட குட்டி பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்துத் தெருவில் இறக்கிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

காப்பகத்தில் தொற்றிய பார்வோ வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். குட்டி சாப்பிடாமல் சுருண்டு படுத்து, வாந்தி எடுத்து, நாற்றத்தோடு ரத்தம் கலந்து கழிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். விடிந்து பார்க்கலாம் என்று காத்திருந்தால் குட்டி மிஞ்சாமல் போகலாம். முன்பு வீட்டில் பார்வோ வந்திருந்தால் அந்தக் கிருமி மாதக் கணக்கில் தரையிலும் மண்ணிலும் இருக்கும். 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து, பத்து நிமிடம் ஊற விட்டுத் துடைக்க வேண்டும். ஃபினாயில் போதாது. வளர்ந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்தான் பெரிய கவலை. முதல் வாரத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று கேளுங்கள்.

வீட்டுக்குக் கூட்டிவரும் நாள் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புது நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில், அதுவும் உங்கள் கேட்டுக்கும் கார்க் கதவுக்கும் நடுவில். நாட்டு நாயின் தலை கழுத்தைவிட அவ்வளவு பெரிதல்ல, பயந்து பின்வாங்கினால் கழுத்துப்பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைகிற அளவுக்கு இறுக்கி, நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸும் போட்டு, இரண்டையும் தனித்தனிக் கயிற்றில் பிடியுங்கள். முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எந்த நாயையும் வீட்டுக்கு எடுக்காதீர்கள். வெடிச் சத்தத்தில் ஓடிய நாய்க்கு உங்கள் வீட்டு வாசல் இன்னும் அடையாளம் தெரியாது.

சாப்பாட்டைக் காப்பகத்தில் கொடுத்ததிலிருந்து ஒரே நாளில் மாற்றினால் வயிறு போகும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். 15 கிலோ நாய்க்கு வீட்டில் சமைத்த உணவு நாளைக்கு 300 முதல் 450 கிராம், இரண்டு வேளையாக. தயிர் சாதம் மட்டும் போதவே போதாது, கோழியோ முட்டையோ கலக்க வேண்டும். மிஞ்சின சாம்பார், குழம்பு ஊற்றிப் பிசையாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியாணியில் வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் உரிமம் எடுக்க வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, நாயின் படம், உங்கள் அடையாள ஆவணம் தயாராக இருக்கட்டும். உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி 2025இல் அறிவித்தது, தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் பொருத்துவதும் அதோடு சேர்த்தி. சிப்பை ஸ்கேனர் இருப்பவர்தான் படிக்க முடியும். ஆகவே உங்கள் கைபேசி எண்ணைக் கழுத்துப்பட்டையிலும் அழியாத மையால் பெரிதாக எழுதி வையுங்கள்.