எண்ணாமல் நிறுத்துப் போட்ட வெனிலா: பதினோராம் மாதம்

வெனிலா எக்ஸ்ட்ராக்டுக்காக வோட்காவில் வெனிலாக் காயை ஊறப் போட்டுப் பரணில் வைத்திருந்த இரண்டு பாட்டில்களையும் நேற்று ராத்திரி கீழே இறக்கினேன். போன மார்ச் முதல் வாரத்தில் போட்டது, பதினோரு மாதம் முடிந்துவிட்டது. ஆறிய பால் அரை டம்ளர், சர்க்கரை அரை ஸ்பூன், அதில் நான்கு சொட்டு. ஒரு வாய் குடித்ததுமே அம்மாவைக் கூப்பிட்டேன். அவரும் குடித்துப் பார்த்துவிட்டு, “இதுல சாராய வாடையே இல்லையே கண்ணு, திராட்சை ஏதாச்சும் ஊற வெச்சியா?” என்றார். எனக்கு அது போதும். முதல் பாட்டிலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவரும் இதே அம்மாதான்.

அந்த முதல் பாட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய வருடம் ஜூனில் போட்டது. 375 மில்லி வோட்கா, ஐந்து காய். எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான் சொல்கிறார்கள். ஆறு மாதம் வாரம் தவறாமல் குலுக்கினேன். டிசம்பரில் திறந்தால், இரண்டாம் டிகாஷன் போல வெளிறிக் கிடந்தது. மூக்கில் முதலில் ஏறியது வோட்கா. ரொம்பத் தேடினால் கடைசியில் ஓர் இழை வெனிலா. கிறிஸ்துமஸ் கேக்குக்கு என்றே வைத்திருந்தது அது. இரண்டு ஸ்பூன் ஊற்றியும் கேக்கில் முட்டை வாடைதான் மேலே நின்றது. இன்னும் பொறுத்தால் சரியாகும் என்று மேலும் இரண்டு மாதம் வைத்தேன், ஒன்றும் மாறவில்லை. காயில் இருந்ததெல்லாம் ஏற்கெனவே இறங்கிவிட்டது, இனி இறங்க அதில் ஒன்றுமில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரியில் ஆனைமலைப் பக்கம் தோழியின் மாமா தோட்டத்துக்குப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. தென்னைக்கு நடுவே கிளிரிசிடியா மரங்களில் வெனிலாக் கொடி ஏற்றியிருக்கிறார். என் பாட்டில் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அஞ்சு காய்னா எத்தனை கிராமுங்க அம்மிணி?” எனக்குத் தெரியவில்லை. பதப்படுத்தி வைத்திருந்த காயில் ஒரு கை அள்ளி மேஜையில் போட்டு, மெலிந்தது ஒன்று, தடித்தது ஒன்று எடுத்துத் தராசில் வைத்துக் காட்டினார். ஒன்று 1.6 கிராம், இன்னொன்று 4.1 கிராம். “இதுவும் ஒரு காய், அதுவும் ஒரு காய். எண்ணிப் போட்டா எப்படிங்க வரும்?”

வீட்டுக்கு வந்து, பழைய பாக்கெட்டில் மிச்சமிருந்த காய்களை நிறுத்துப் பார்த்தேன். சராசரியாக 2.5 கிராம்கூட இல்லை. அப்படியென்றால் முதல் பாட்டிலில் நான் போட்டது 12 கிராம் சொச்சம். போட்டிருக்க வேண்டியது அதைப்போல மூன்று மடங்கு.

மூன்று மடங்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று பெயர் போட்டு விற்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு கேலனுக்கு 13.35 அவுன்ஸ் காய், ஆல்கஹால் 35 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கேலனையும் அவுன்ஸையும் நம் கணக்குக்கு மாற்றினால் லிட்டருக்கு 100 கிராம் என்று அழகாக வந்து நிற்கிறது. 375 மில்லிக்கு 37.5 கிராம். இத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் அந்த விதியிலேயே இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: 25 சதவீதம் வரை ஈரம் உள்ள காய்க்குத்தான் இந்த அளவு. அதற்கு மேல் ஈரம் இருந்தால் அதற்கேற்பக் கூட்டிப் போட வேண்டும். இரண்டு நாள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த வரிதான்.

நம் கைக்கு வருகிற பளபளப்பான காய், தொட்டால் எண்ணெய்ப் பசையோடு வளைகிற ‘ஏ’ கிரேடு, அதில் பொதுவாக 30 முதல் 35 சதவீதம் ஈரம் இருக்கும். ‘பி’ கிரேடில் 20, 25தான். பார்க்கச் சுருங்கி, வளைத்தால் ஒடிந்துவிடும் போல இருக்கும். ஆனால் எக்ஸ்ட்ராக்டுக்கு அதுதான் லாபம், தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மாமாவிடம் அப்போது இருந்தது முதல் ரகம் மட்டும். சரி, ஈரம் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சமையலறைத் தராசு இதற்கு ஆகாது, அது ஒவ்வொரு கிராமாகத்தான் தாவும். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். இந்தப் பொழுதுபோக்கில் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான். இரண்டு காயைப் பொடிப்பொடியாக நறுக்கினேன், 5.30 கிராம். ஓடிஜியில் (கேக் சுடும் மின்சார அடுப்பு) 100 டிகிரியில் வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, ஆறவிட்டு எடை பார்த்தேன். 4.41. 3.95. 3.70. 3.62. 3.60. மறுபடியும் 3.60. அடுத்தடுத்து ஒரே எடை வந்ததும் அடுப்பை அணைத்தேன். போனது 1.70 கிராம், அதாவது 32 சதவீதம். வீடே மணத்தது, ஆகவே வாசனையும் கொஞ்சம் அதோடு போயிருக்கும். ஆனாலும் போனதில் பெரும்பங்கு தண்ணீர்தான். காய்ந்த தூளைச் சர்க்கரையோடு சேர்த்து அரைத்து டப்பாவில் போட்டுவிட்டேன், பிஸ்கட்டுக்கு மேலே தூவ ஆகும்.

அப்புறம் கணக்கு சுலபம். 100 கிராம் காயில் 25 ஈரம் என்றால் மீதி 75 கிராம் உலர் எடை. லிட்டருக்கு 75 என்றால் 375 மில்லிக்கு 28.1 கிராம். என் காயில் உலர் எடை 68 சதவீதம். 28.1-ஐ 0.68-ஆல் வகுத்தால் 41.4 கிராம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் 41.4 கிராம் போட்டேன். நாலு கிராமில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்று அண்ணன் கேட்டார். நாலு கிராம் என்றால் ஒன்றரைக் காய், மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நன்றாகப் பதமான காயிலேயே வெனிலின், அதாவது அந்த மணத்தைத் தருகிற பொருள், சுமார் 2 சதவீதம்தான் இருக்கும். லிட்டருக்கு 100 கிராம் போட்டு, இருப்பது முழுதும் இறங்கினால்கூட 2 கிராம். அவ்வளவு கொஞ்சமாகக் கிடைக்கிற ஒன்றில் பத்தில் ஒரு பங்கை விட எனக்கு மனசில்லை.

இடையில் ஒரு விஷயம். மாமாவிடம் வாங்கிய காய்களில் இரண்டின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போடப் போய், கடைசி நிமிடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஊசி ஊசியாக, வெளிச்சத்தில் மினுமினுக்கும் படிகங்கள். வெனிலினே வெளியே வந்து உறைந்தது! பூஞ்சை என்றால் மினுங்காது, பஞ்சு போல மங்கலாக இருக்கும், முகர்ந்தால் பூசண வாடை வரும். வெள்ளையாகத் தெரிந்தது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு பாட்டிலையும் ஒரே மாதிரி போடவில்லை. ஒன்றில் காயை நீளவாக்கில் கீறி முழுசாகவே விட்டேன். இன்னொன்றில் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினேன். இரண்டாம் மாதம் பார்த்தபோது நறுக்கியது நன்றாகக் கறுத்திருந்தது, கீறியது தேன் நிறத்தில்தான் இருந்தது. ஆறாம் மாதம் வித்தியாசம் குறைந்தது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு பாலில் குடித்துப் பார்த்தால் எது எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவசரமில்லாதவர்கள் கீறினால் போதும், நறுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று வடிகட்டும் இடத்தில் சொல்கிறேன்.

பாட்டிலில்தான் எரிச்சல். இங்கே வரும் வோட்கா பாட்டிலின் வாயில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். ஊற்றலாம், உள்ளே எதையும் போட முடியாது. அதனால் 500 மில்லி கண்ணாடி பாட்டில் இரண்டு தனியாக வாங்கினேன், கம்பி வைத்து அழுத்தி மூடும் வகை. ஐந்தாம் வாரம் திறந்தால் சைக்கிள் டியூப் வாடை. மூடியில் இருந்த சிவப்பு ரப்பர் வளையம்தான் காரணம். நெஞ்சு பதறிவிட்டது, உள்ளே இருப்பது 80 கிராமுக்கு மேல் காய். நல்ல வேளையாக வாடை மேலோடு நின்றிருந்தது. அன்றைக்கே இரண்டையும் திருகு மூடி பாட்டிலுக்கு மாற்றினேன். ஒரு மாதத்தில் அந்த வாடை மறைந்துவிட்டது. அந்த ரக மூடி வைத்திருப்பவர்கள் வளையத்தைக் கழற்றி ஒரு நாள் வோட்காவில் ஊறப் போட்டு முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் சிலிகோன் வளையம் மாற்றிக்கொள்ளுங்கள்.

வோட்காவில் நான் பெரிதாக எதையும் தேடவில்லை. வாசனை சேர்க்காத சாதா வோட்காவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டுக் குறிப்புகளில் 40 சதவீதம் என்றிருக்கும், நம் பாட்டிலில் 42.8 என்று அச்சிட்டிருக்கிறது. காயில் இருந்த 13 மில்லி சொச்சம் தண்ணீரும் கலந்தால் 41 சதவீதத்துக்கு வரும், 35-க்குக் கீழே போகாது. மருந்துக் கடை ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது, அது விஷம். அதைவிட என்னைக் கோபப்படுத்துவது, வோட்காவையும் காயையும் காஸ் அடுப்பில் காய்ச்சி ‘ஒரே நாளில் எக்ஸ்ட்ராக்ட்’ என்று காட்டுகிற வீடியோக்கள். அந்த ஆவி தீப்பிடிக்கும். பச்சைக் காயிலிருந்து பதமான காய் வரவே மாதக்கணக்கில் ஆகிறது, அதன் பிறகு ஆறு மாதம் பொறுக்க முடியாதா?

பச்சைக் காய் என்றதும் நினைவுக்கு வருகிறது, இந்த வருடக் கடைசியில் அதையும் செய்து பார்க்கப்போகிறேன். மாமாவிடம் ஒரு கிலோ பச்சைக் காய் கேட்டிருக்கிறேன். இப்போது பூத்துக்கொண்டிருக்கிற பூவின் காய்தான் அது, முற்ற ஒன்பது மாதம் ஆகும். போன வருடம் அவர் மகரந்தம் சேர்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காலையில் விரிகிற பூ மத்தியானத்துக்குள் வாடிவிடும். தென்னை ஈர்க்குச்சியால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பைத் தூக்கி, கட்டை விரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான், அடுத்த பூ. 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறை இது. அன்றிலிருந்து உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். 2003 வாக்கில் விலை உச்சத்துக்குப் போனபோது கேரளம், கர்நாடகம், பொள்ளாச்சி என்று எங்கும் கொடி நட்டார்கள். இரண்டே வருடத்தில் விலை தரைக்கு வந்ததும் பலர் பிடுங்கிப் போட்டார்கள். மாமா பிடுங்கவில்லை. இப்போது கோயம்புத்தூரில் வீட்டில் கேக் செய்கிறவர்கள் சிலர் நேரே அவரிடமே வாங்குகிறோம்.

பச்சைக் காயை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, பீன்ஸ் மாதிரி இருக்கும். 63, 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கி எடுத்து, சூட்டோடு கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். அப்போதுதான் காயில் உள்ள என்சைம் வேலை செய்து வெனிலினைப் பிரிக்கத் தொடங்கும். பிறகு தினமும் சில மணி நேரம் வெயில், மீண்டும் கம்பளி. அதன் பின் நிழலில் வாரக்கணக்கில் உலர்த்தல். ஆறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ தேறுமாம். என் ஒரு கிலோவுக்கு 150 கிராம் தேறினாலும் சந்தோஷம். தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன், பாட்டியின் பழைய கம்பளியைத் துவைத்துக் காயப் போட்டாயிற்று. காய் வர இன்னும் எட்டு ஒன்பது மாதம் இருக்கிறது!

சரி, வடிகட்டலுக்கு வருகிறேன். கீறிப் போட்ட பாட்டிலில் பிரச்சினையே இல்லை. காப்பி ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஊற்றினேன், பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. விதை கொஞ்சம் வந்தது, அது இருந்தால் ஐஸ்கிரீமுக்கு அழகுதான். நறுக்கியதுதான் படுத்துகிறது. துண்டுகளின் வெட்டு வாயிலிருந்து வந்த பிசினும் சதையும் சேர்ந்து அடியில் குழம்பு மாதிரி நிற்கிறது. துணியில் ஊற்றினால் கலங்கலாகவே வருகிறது. ஃபில்டர் பேப்பரில் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது. நேற்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து, நான்கு பேப்பர் மாற்றி, 50 மில்லிதான் எடுத்தேன். பிழியவும் கூடாது, பிழிந்தால் கசப்பு இறங்குகிறது. அதனால் மீதியை அசைக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் தெளியட்டும், புளிக்கரைசலை இறுப்பது போல மேலே உள்ள தெளிவை மட்டும் சாய்த்து எடுத்துப் பார்க்கப்போகிறேன்.

கீறிய பாட்டிலில் எடுத்ததை இன்று காலை வெண்ணெய் கேக்கில் போட்டேன். மாவு கலக்கும்போது விடாமல், வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போதே ஒன்றரை டீஸ்பூன் விட்டேன். கொழுப்பு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் மணம் நின்றது. முட்டை வாடை துளியும் இல்லை. ஐஸ்கிரீமுக்கு மட்டும் இது சற்றுக் குறைவாகப் படுகிறது, குளிரில் நாக்குக்கு வாசனை எட்டுவதில்லை. அதற்கென்று லிட்டருக்கு 200 கிராம் கணக்கில் இரட்டைக் காரமாக ஒன்று அடுத்த மாதம் போட வேண்டும், அதுவும் ‘பி’ கிரேடு கிடைத்தால்.

பேப்பரில் வடித்த அந்த 50 மில்லியைச் சின்ன பாட்டிலில் அடைத்துத் தனியாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனைமலை போகிறேன், அது மாமாவுக்கு. மேலே தேதியும், 375 மில்லிக்கு 41.4 கிராம் என்றும் எழுதி ஒட்டியாயிற்று.