கன மில்லிமீட்டருக்கு எத்தனை டன்?

அக்கா மகன் கோவையில் ஒரு பம்ப் கம்பெனி டிசைன் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். ஒரு நாள் ராத்திரி போன். "மாமா, பிராக்கெட்டோட நேச்சுரல் ஃப்ரீக்வென்சி 12 ஹெர்ட்ஸ்னு சாஃப்ட்வேர் காட்டுதுங்க. வார்ப்பிரும்பு இவ்வளவு தொளதொளன்னா இருக்கும்?"

"டென்சிட்டி என்ன குடுத்தே, மாப்ளே?"

"7.2 × 10⁻⁶ங்க."

அடர்த்தியை கன மி.மீ.க்கு கிலோவில் கொடுத்திருக்கிறான். விசை நியூட்டனிலும் நீளம் மில்லிமீட்டரிலும் போனால் நிறையை டன்னில்தான் கொடுக்க வேண்டும். ஒரு நியூட்டன் விசை ஒரு டன்னுக்குத் தரும் முடுக்கம் விநாடிக்கு விநாடி ஒரு மில்லிமீட்டர். கணக்கு ஒத்துப்போவது அதனால்தான். ஆக, வார்ப்பிரும்பு கன மி.மீ.க்கு 7.2 × 10⁻⁹ டன். பையன் பிராக்கெட்டை ஆயிரம் மடங்கு கனமாக்கிவிட்டான். நேச்சுரல் ஃப்ரீக்வென்சி, அதாவது தட்டினால் தானாக அதிரும் அதிர்வெண், ஆயிரத்தின் வர்க்கமூலத்துக்கு, அதாவது சுமார் 31.6 மடங்கு இறங்கிவிட்டது. திருத்தியதும் 380 பக்கம் வந்து நின்றது.

கடுகை லாரி எடைமேடையில் நிறுத்துகிற மாதிரியான அலகுதான். ஆனாலும் அந்த மென்பொருளுக்கு அதுதான் வேண்டும்.

நான் இருப்பது உலோகத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரியில், கொட்டேஷன் போடும் மேசையில். டிராயிங் வரும், கன அளவு எடுப்போம், எடை போடுவோம், கிலோ விலையால் பெருக்குவோம். இங்கே எல்லோருக்கும் வார்ப்பிரும்பு "ஏழு பாயிண்ட் டூ", அவ்வளவுதான். அலகைச் சொல்ல மாட்டார்கள். வெளியாளுக்கு அது அசட்டையாகத் தெரியலாம். பெரும்பாலும் அதில் தப்பில்லை. நீளம் பத்து மடங்கானால் கன அளவு ஆயிரம் மடங்காகும். மில்லிகிராம், கிராம், கிலோ, டன் என்று நிறையும் ஆயிரம் ஆயிரமாகத்தான் ஏறுகிறது. அதனால் கன மி.மீ.க்கு மில்லிகிராம், கன செ.மீ.க்கு கிராம், லிட்டருக்கு கிலோ, கன மீட்டருக்கு டன், நான்கிலும் அதே 7.2. தண்ணீருக்கு நான்கிலும் 1. கிராமை 1795-இல் பிரான்சில் வரையறுத்தபோதே ஒரு கன செ.மீ. தண்ணீரின் எடை என்றுதான் வைத்தார்கள். பாடப்புத்தகத்தின் கன மீட்டருக்கு கிலோ மட்டும் ஒரு படி தள்ளி நிற்கிறது: 7200.

இந்தப் படிக்கட்டு கீழேயும் போகும். வார்ப்பின் மேல் இரும்புக் குருணை அடித்துச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங் பக்கம் நின்றால் மூக்கில் ஏறுகிற தூசியை மைக்ரோகிராமில் அளப்பார்கள். 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்தூசியான பி.எம். 2.5-க்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். லிட்டருக்கு நானோகிராம் என்றாலும் 60-தான். கன செ.மீ.க்கு கிராமில் எழுதினால்தான் 6 × 10⁻¹¹ என்று பயமுறுத்தும். மறுகோடியில் நியூட்ரான் நட்சத்திரம்: கன மீட்டருக்கு ஏறக்குறைய 4 × 10¹⁷ கிலோ. பையனின் மென்பொருள் கேட்ட அந்த அலகில் போட்டுப் பாருங்கள், கன மி.மீ.க்கு நாலு லட்சம் டன். அந்த அலகு அங்கேதான் பாந்தமாக உட்காருகிறது.

ஆயிரம் மடங்குத் தப்பைக் கண்டு எனக்குப் பயமே இல்லை. பம்பின் வெளிக்கூடான 40 கிலோ கேசிங் 40 டன் என்று வந்தால் யாருமே நம்ப மாட்டார்கள். பொருள் குறிக்காமல் விட்டால் சில வரைபட மென்பொருள் தண்ணீரின் அடர்த்தியை வைத்து அதே கேசிங்கை ஐந்தரை கிலோ என்று காட்டும்; அதுவும் உடனே மாட்டிக்கொள்ளும். பணத்தைத் தின்பது எஃகின் 7.85. வார்ப்பிரும்புக்கு அதைப் போட்டால் 40 கிலோ 43.6 ஆகிறது. பார்த்தால் நியாயமான எண். பீஸ் விலை கேட்டிருந்தால், நம் விலை கூடி ஆர்டர் அரசூர்ப் பக்கம் வேறொரு பவுண்டரிக்குப் போயிருக்கும், காரணமே தெரியாது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் இருந்து, அதற்கு 7.2 போட்டால் இன்னும் மோசம். அது 8.7 அளவில் இருக்கும். ஆறில் ஒரு பங்கு உலோகம் கணக்கில் விடுபடும், அதுவும் செம்பு விலையில்.

அமெரிக்க டிராயிங்கில் கன அங்குலத்துக்கு பவுண்டு என்று வரும். வார்ப்பிரும்பு 0.26, எஃகு 0.284. 27.68-ஆல் பெருக்கினால் நம் எண் கிடைக்கும். பெருக்குவதற்கு முன் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிவதுதான் வம்பு. அதனால் நான் முதலில் நம் அலகுக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் எந்தப் பொருள் என்று பார்ப்பேன்.

பையன் இப்போது 7.15 போடுவதா 7.2 போடுவதா என்று கேட்கிறான். கிராஃபைட் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து வார்ப்பிரும்பு 7.1-இலிருந்து 7.3 வரை ஆடும். பேட்டர்னில், அதாவது வார்ப்பு அச்சுக்கான மாதிரியில், அச்சிலிருந்து எளிதாக எடுக்கக் கொடுக்கும் சரிவான டிராஃப்டும், பிறகு கடைந்தெடுக்க விடும் கூடுதல் உலோகமான மெஷினிங் அலவன்ஸும் பீஸ் எடையை அதைவிட அதிகம் மாற்றும். 7.2-ஏ போடச் சொல்லியிருக்கிறேன்.